செலவில்லாமல் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரை: சாண்ட்வுட், கேப் ராத், டர்னெஸ் பக்கம் நடக்க யோசனை தேவை

நெய்தல்செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளாஸ்கோவில் படிக்கிறேன். ஜூன் கடைசியில் என்னோடு படிக்கும் மூன்று பேரும் நானும் ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். சாண்ட்வுட் பே கடற்கரை, முடிந்தால் அங்கிருந்து கேப் ராத் கலங்கரை விளக்கம் வரை நடை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே காசு சரியாகிவிடும். விடுதிக்கோ நுழைவுச்சீட்டுக்கோ எடுத்துவைக்க ஒன்றும் மிஞ்சாது.

காசு கொடுக்காமல் அங்கே எவ்வளவு பார்க்க முடியும்? கூடாரம் அடித்தால் யாராவது வந்து கிளப்பி விடுவார்களா? இங்கிலாந்தில் தனக்கு அப்படி நடந்ததாக ஒரு தோழி சொல்கிறாள். குன்றுகளில் நடந்த பழக்கம் எங்களுக்கு உண்டு, வரைபடம் பார்க்கத் தெரியும். பாதையே இல்லாத இடத்தில் மட்டும் நடந்ததில்லை.

வடகரை எழுதியது:

செல்வி, கூடாரத்தைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இங்கிலாந்தின் சட்டம் வேறு, ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. இங்கிலாந்தில் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கூடாரம் போடும் உரிமை தென்மேற்கே உள்ள டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கே வழக்கு நடந்து, 2025-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை உண்டு என்று உறுதி செய்தது. ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், துடுப்புப் படகு விடவும், இரவு தங்கவும் எல்லோருக்கும் உரிமை கொடுக்கிறது. நீங்கள் எந்த நாட்டுக்காரர், என்ன விசா என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் மாதிரி சில இடங்கள் இதில் சேராது.

ஆனால் அந்த உரிமை பொறுப்போடு நடந்துகொள்பவர்களுக்குத்தான். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிறிய கூடாரம், சில பேர், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம், வீடுகளையும் சாலையையும் விட்டுத் தள்ளிப் போடவேண்டும், கிளம்பும்போது நீங்கள் இருந்த தடம் தெரியக்கூடாது. நீங்கள் நான்கு பேர், இரண்டு சிறு கூடாரம் என்றால் யாருக்கும் உறுத்தாது.

அடுத்தது சாண்ட்வுட். கின்லாக்பெர்வி என்ற மீன்பிடி ஊரைத் தாண்டி பிளேர்மோர் என்ற சிற்றூரிலிருந்து பாதை தொடங்குகிறது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 6.5 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. சின்னச் சின்ன ஏரிகளை ஒட்டிப் போகும், கடைசியில் மணல்மேட்டின் மேல் வந்து நிற்கும்போது கீழே முழுக் கரையும் ஒரே நேரத்தில் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மணல். பின்னால் ஒரு பெரிய நன்னீர் ஏரி. தெற்கு முனையில் ஆம் புவக்கல் என்ற கல்தூண் கடலுக்குள் தனியாக நிற்கும். சாலை இல்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை. 1993-இலிருந்து ஜான் மியூர் அறக்கட்டளை என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது அந்த நிலம். நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஜூன் நல்ல தேர்வு. இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும், அப்புறமும் முழு இருட்டு வராது. அவசரப்பட வேண்டியதே இல்லை.

தூரநடை எழுதியது:

வடகரை அண்ணா சொன்னது எல்லாம் சரி. கேப் ராத்தை ஏன் விட்டுவிட்டார் என்றுதான் தெரியவில்லை. சாண்ட்வுட்டிலிருந்து கலங்கரை விளக்கம் 12 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஃபோர்ட் வில்லியமிலிருந்து வரும் 370 கிலோமீட்டர் கேப் ராத் டிரெயில் என்ற நெடுநடை வழியின் கடைசித் துண்டு அது. வரைபடம் பார்க்கத் தெரிந்த நான்கு பேர், ஜூன் மாத வெளிச்சம், இதற்கு மேல் என்ன வேண்டும்? அவ்வளவு தூரம் போய்விட்டு முனையைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசு வராது. நாட்டின் நிலப்பரப்பு முடிகிற வடமேற்கு மூலை அது. ராபர்ட் ஸ்டீவன்சன் 1828-இல் கட்டிய விளக்கு இன்றும் எரிகிறது.

வடகரை எழுதியது:

வேண்டுமென்றேதான் விட்டேன். பாதையில்லாத நிலத்தில் நடந்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

அந்த 12 கிலோமீட்டரில் பாதை கிடையாது, அடையாளப் பலகை கிடையாது. பெரும்பகுதி பீட் சதுப்பு, அதாவது செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த ஈர மண். பார்த்தால் புல்வெளி, கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். மலைநடைக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி நேரம். நல்ல பாதையில் அந்தக் கணக்கு இன்றைக்கும் ஒத்துவரும். இந்தச் சதுப்பில், முதுகில் கூடாரமும் சாப்பாடும் சுமந்துகொண்டு, அதில் பாதி வேகம் வந்தாலே நல்லது.

அடுத்தது ஓடைகள். சாண்ட்வுட் ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் நீரைக் கரையிலேயே கடக்கவேண்டும். அதற்கு வடக்கே ஸ்ட்ராகெய்லக், கெய்ஸ்கெய்க் என்று இன்னும் இரண்டு. வறண்ட வாரத்தில் கல் மேல் கல்லாகத் தாவிப் போய்விடலாம். ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தால் அதே ஓடையில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது கடக்கவும் முடியாது, முந்தின ஓடையும் ஏறியிருந்தால் திரும்பவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாவது, ராணுவம். கேப் ராத் பகுதியில் பெரும்பங்கு பாதுகாப்பு அமைச்சகத்தின் குண்டுவீச்சுப் பயிற்சி நிலம். கரைக்கு அப்பால் உள்ள ஒரு பாறைத் தீவு போர் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் இலக்கு. பயிற்சி நடக்கும்போது பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. அது தெரிந்தால் வேலியைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மற்ற நேரத்திலும் தரையில் உலோகமாக எது கிடந்தாலும் தொடாதீர்கள்.

கலங்கரை விளக்கத்தைத் தொட்டதும் நடை முடிந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அங்கிருந்து டர்னெஸ் கழிமுகம் வரை கரடுமுரடான சாலை 18 கிலோமீட்டர். அதில் ஒரு மினி பஸ்ஸும், கழிமுகத்தைக் கடக்க ஒரு சின்னப் படகும் கோடையில் ஓடும். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. காற்று பலமாக இருந்தால் படகு வராது. வராவிட்டால் கழிமுகத்தைச் சுற்றி நடக்கவேண்டும், அதற்கு இன்னும் ஒரு நாள் சாப்பாடு கையில் இருக்கவேண்டும்.

தூரநடை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஓடை விஷயம் சாதாரணமில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிடுவதை விட, எந்த நிலையில் முடியும் என்று சொல்வது நல்லது என்பேன். சாண்ட்வுட்டில் ஒரு இரவு தங்கட்டும். காலையில் ஏரி வெளியேறும் ஓடையைப் பார்க்கட்டும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, மழை அறிவிப்பு இருந்தாலோ திரும்பிவிடட்டும். முன்னால் இரண்டு மூன்று நாள் வறண்டிருந்தால் ஸ்ட்ராகெய்லக் போத்தி வரை மட்டும் போய் வரலாம். பாதையில்லாத நடை எப்படி இருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும். அதன் உள்சுவரில் முன்பு அங்கே வாழ்ந்த தனிமனிதர் ஒருவர் வரைந்த ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. அதற்காகவே போகலாம்.

வடகரை எழுதியது:

இது நல்ல யோசனை. இதற்கு நான் மறுப்பே சொல்லமாட்டேன்.

நெய்தல்செல்வி எழுதியது:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். போத்தி என்றால் என்ன? அங்கே தங்க முன்பதிவு வேண்டுமா? எங்களோடு இன்னும் நான்கு பேர் சேரலாம் என்று பேச்சு இருக்கிறது. எட்டுப் பேருக்கு இடம் இருக்குமா?

மழைக்கோட்டு எழுதியது:

நான் போத்திகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அவ்வப்போது கைகொடுப்பவள், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

போத்தி என்பது மலையிலும் கரையிலும் கைவிடப்பட்ட பழைய மேய்ப்பர் குடில், பண்ணைவீடு. கதவில் பூட்டு இருக்காது. யார் வேண்டுமானாலும் ஓர் இரவு தங்கலாம், இலவசம், முன்பதிவு என்ற பேச்சே இல்லை. 1965-இல் தொடங்கிய மலைப் போத்திகள் சங்கம் நூறு போல வீடுகளைப் பராமரிக்கிறது. சங்கத்துக்குச் சொந்தமானவை அனேகமாக எதுவும் இல்லை. நிலத்துக்காரர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், தொண்டர்கள் ஓடு மாற்றி, சுவர் பூசி, கதவு போட்டு வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் மூட்டையைச் சதுப்பில் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கும்? நான்கு சுவர், கூரை, படுக்க ஒரு மரமேடை இருந்தால் உண்டு. மின்சாரம், குழாய், கழிப்பறை எதுவும் கிடையாது. ஒரு மண்வெட்டி இருக்கும். வீட்டையும் தண்ணீரையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போய்க் குழி தோண்டி, மூடிவிட்டு வரவேண்டும். அடுப்பு, விரிப்பு, ஸ்லீப்பிங் பேக், மெழுகுவர்த்தி எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். ஏற்கெனவே ஆள் இருந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அது நிறைந்திருந்தால் வெளியே கூடாரம். அதனால் போத்தியை நம்பிக் கூடாரம் இல்லாமல் கிளம்பவே கூடாது.

எட்டுப் பேர் வேண்டாம். ஆறும் அதற்கு மேலும் உள்ள குழுக்கள் போத்திகளைப் பயன்படுத்தக்கூடாது என்பது சங்கத்தின் நடைமுறை. அதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற ஒரு தனி ஆளுக்கு அந்தக் கூரை உயிர் காக்கும் விஷயம். எட்டுப் பேர் தரையை நிறைத்துப் படுத்திருந்தால் அவர் எங்கே போவார்? நான்கு பேராகவே போங்கள். மற்ற நான்கு பேர் வேறு வாரத்தில் போகட்டும்.

இன்னொன்று. மிச்சச் சாப்பாட்டை "அடுத்தவருக்கு ஆகுமே" என்று விட்டுவிட்டு வராதீர்கள். எலிக்குத்தான் ஆகும். கண்ணாடிக் குப்பி, காலியான கேஸ் குடுவை எதையும் விடாதீர்கள். குப்பை வண்டி அங்கே வராது, யாராவது முதுகில் சுமந்துதான் வெளியே கொண்டுவரவேண்டும்.

சாலைப்பறவை எழுதியது:

நாங்கள் ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்து நார்த் கோஸ்ட் 500 என்ற வடகரைச் சுற்றுச்சாலையைச் சுற்றப்போகிறோம். இந்தத் தங்கும் உரிமை எங்களுக்கும் உண்டு இல்லையா? கார் நிறுத்துமிடத்தில் இரவு தூங்கிவிட்டுப் போகலாம் என்று திட்டம்.

வடகரை எழுதியது:

இல்லை சகோதரரே. 2003 சட்டத்தின் உரிமை மோட்டார் வண்டிகளுக்குப் பொருந்தாது. நடந்தோ, சைக்கிளிலோ, படகிலோ, குதிரையிலோ வருபவர்களுக்குத்தான் அது. நிறுத்துமிடத்தில் தங்கலாமா கூடாதா என்பதை அந்த இடத்துக்காரர்தான் முடிவு செய்வார். பலகையைப் படித்துப் பாருங்கள், இல்லையென்றால் கேம்ப்சைட்டுக்குப் போங்கள்.

2015-இல் அந்தச் சுற்றுப்பாதைக்கு விளம்பரம் தொடங்கிய பிறகு 830 கிலோமீட்டரும் வண்டிக் கூட்டம். பல இடங்களில் சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் அகலத்தில் வேனை நிறுத்தித் தூங்குகிறார்கள். ஆம்புலன்ஸும் பள்ளிக்கூட வண்டியும் அதே சாலையில்தான் வரவேண்டும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அங்கே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமை இழந்தால் கூடாரக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுப்பாடு வரும். லாக் லோமண்ட் பக்கம் ஏரிக்கரைகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதிச்சீட்டு வாங்கவேண்டிய நிலை வந்தது இப்படித்தான்.

சாலைப்பறவை எழுதியது:

தெரியாமல் கேட்டேன், சொன்னதற்கு நன்றி. டர்னெஸ் கேம்ப்சைட்டில் இடம் கேட்டுக்கொள்கிறோம். வேனை அங்கே விட்டுவிட்டு நடந்தே பார்க்கக்கூடிய இடங்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்களோடு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மழைக்கோட்டு எழுதியது:

டர்னெஸ் பிள்ளைகளுக்கு அருமையான ஊர். ஸ்மூ குகைக்கு நடந்தே போகலாம். சுண்ணாம்புப் பாறையில் முன்பக்கத்தைக் கடல் குடைந்தது, பின்பக்கத்தை ஓடை குடைந்தது. வாசல் 15 மீட்டர் உயரம். உள்ளே மரப்பாலத்தில் போய் நின்றால், மேலே உள்ள துளை வழியாக ஓடை அப்படியே அருவியாக விழுவதைப் பார்க்கலாம். அதுவரை இலவசம். இன்னும் உள்ளே படகில் போகத்தான் கட்டணம். மழை பெய்த மறுநாள் போனால் அருவி முழங்கும்.

இன்னொரு பக்கம் பால்னகீல் கடற்கரை. பாழடைந்த பழைய தேவாலயம் ஒன்று கரையோரமாகவே இருக்கிறது. அங்கிருந்து மணல்மேடுகள் வழியாக ஃபெரைட் ஹெட் முனை வரை நடக்கலாம், போய்வர 7 அல்லது 8 கிலோமீட்டர். மே முதல் ஜூலை வரை அங்கே பாறை விளிம்பில் பஃபின் என்ற கடற்பறவைகள் கூடு வைத்திருக்கும். புல்விளிம்பு நுனி வரை போகாதீர்கள், பஃபின் வளை தோண்டியிருப்பதால் தரை உள்ளே பொள்ளலாக இருக்கும். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முனையின் கோடியில் ராணுவக் கட்டடம் உண்டு, அதன் வேலிக்கு உள்ளே அனுமதி இல்லை.

கடலில் குளிக்க ஆசை வரும், தண்ணீர் பச்சை நீலமாக அப்படிக் கூப்பிடும். கோடையிலும் 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு தானாக இழுக்கும், நீச்சல் தெரிந்தவரும் அந்த நொடியில் தண்ணீர் குடித்துவிடுவார். பால்னகீலில் அமைதியான நாளில் முழங்கால் அளவில் விளையாடலாம். சாண்ட்வுட்டில் வேண்டவே வேண்டாம். அங்கே அலையும் நீரோட்டமும் பலம், உதவிக்கு ஆள் இல்லை.

பாறைப்பித்தன் எழுதியது:

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு யாரும் நாக்கன் கிராக் என்ற பாறைக்குன்றைச் சொல்லவில்லையே!

உல்லாபூலிலிருந்து வடக்கே ஏ835 சாலையில் 20 கிலோமீட்டர் போனால் சாலையோரமாகவே இருக்கிறது. திறந்தவெளி, ஆண்டு முழுவதும் இலவசம். குன்றுச் சரிவில் ஏறும் சிறு பாதையில் ஓர் இடத்தில் நின்று பாறையில் கை வைக்கலாம். மேலே இருப்பது மோய்ன் பாறை, ஏறக்குறைய 100 கோடி ஆண்டு வயது. கீழே இருப்பது டர்னெஸ் சுண்ணாம்பு, அதில் பாதி வயதுதான் இருக்கும். இளையது கீழே, மூத்தது மேலே. படிவுப் பாறை என்றால் பழையதுதான் அடியில் இருக்கவேண்டும் என்று படித்தவர்களுக்கு இது தலைகீழ். 19-ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய அறிஞர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் பென் பீச், ஜான் ஹார்ன் என்ற புவியியல் அறிஞர்கள் இருவரும் இந்த மலைகளை அடி அடியாக நடந்து அளந்து, கண்டங்கள் மோதியபோது கிழக்கிலிருந்து பழைய பாறை நெடுந்தொலைவு தள்ளப்பட்டு இளைய பாறை மேல் ஏறி உட்கார்ந்தது என்று நிறுவினார்கள். அவர்களுடைய அறிக்கை 1907-இல் வந்தது. மலை எப்படி உண்டாகிறது என்பதை உலகம் புரிந்துகொண்டதில் இந்தக் குன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இருவருக்கும் அங்கே சிலை வைத்திருக்கிறார்கள்.

செல்வி, நீங்கள் சாண்ட்வுட் போகும் வழியிலும் காலடியைப் பாருங்கள். வரி வரியாகச் சாம்பலும் இளஞ்சிவப்புமாகத் தெரிவது லூயிசியன் நைஸ், 300 கோடி ஆண்டு வரை போகும் வயது. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று. கரையோரக் குன்றுகளில் செங்கபில நிறத்தில் அடுக்கடுக்காக நிற்பது டோரிடோனியன் மணற்பாறை. ஆம் புவக்கல் தூணும் அதே பாறைதான்.

நேரம் இருந்தால் இஞ்ச்னடாம்ஃப் பக்கத்து எலும்புக் குகைகள். போய்வர இரண்டு மணி நேரம் போதும். கரடி, லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, கலைமான் எலும்புகள் கிடைத்த இடம். அதுவும் இலவசம்.

தூரநடை எழுதியது:

ஸ்டோயர் முனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து கரை ஓரமாகவே நடந்தால் 60 மீட்டர் உயரக் கல்தூண் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோயர் தெரியும். இரண்டரை மூன்று மணி நேரச் சுற்று. அங்கே உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் திமிங்கலம் தெரிய வாய்ப்பு உண்டு.

நெய்தல்செல்வி எழுதியது:

பூச்சிக்கடி பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஜூனில் அவ்வளவு மோசமா? போன் சிக்னல் கிடைக்குமா?

வடகரை எழுதியது:

மிட்ஜ் என்கிற பொடிக்கொசு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. காற்று அசையாத, ஈரமான காலையிலும் மாலையிலும் மேகமாக வரும். நோய் எதுவும் பரப்பாது, ஆனால் கூடாரத்துக்கு வெளியே நின்று சமைக்க விடாது. மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் அதனால் பறக்க முடியாது. அதனால் கூடாரம் போட ஒதுக்குப்புறமான பள்ளத்தைத் தேடாதீர்கள். கொஞ்சம் காற்று படும் மேடு நல்லது. தலைவலை ஒன்று ஆளுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், எடையே தெரியாது.

நான் அதிகம் கவலைப்படுவது உண்ணியைப் பற்றித்தான். லைம் நோயைப் பரப்பும். புல்லில் நடந்த ஒவ்வொரு நாளும் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்கவேண்டும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு காட்டுவது கூடாது. சில நாளோ வாரமோ கழித்து வட்டமாகச் சிவந்தால் உடனே மருத்துவரிடம் போய், எங்கே நடந்தோம் என்பதையும் சொல்லுங்கள்.

சிக்னலை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே போனில் 999 எண்ணுக்கு "ரெஜிஸ்டர்" என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு செய்துவையுங்கள். குரல் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகும். அவசரம் என்றால் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக்குழு என்று சொல்லவேண்டும். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், மீட்புக்குக் காசு கேட்க மாட்டார்கள். அதற்காகவே அவர்களை வரவைக்காத அளவுக்குக் கவனமாக இருங்கள். காகித வரைபடம், காம்பஸ் கட்டாயம். விசிலும் வேண்டும்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, திரும்பவும் ஆறு.

நெய்தல்செல்வி எழுதியது:

பேசி முடிவு செய்துவிட்டோம். நான்கு பேர்தான். இன்வெர்னஸிலிருந்து லெர்க் வரை ரயில், அங்கிருந்து பஸ். சாண்ட்வுட்டில் இரண்டு இரவு. வறண்டிருந்தால் ஸ்ட்ராகெய்லக் போய்த் திரும்புவோம், இல்லையென்றால் கரையிலேயே இருப்போம். அப்புறம் டர்னெஸ், ஸ்மூ, ஃபெரைட் ஹெட். கேப் ராத் அடுத்த முறை. அடுப்புக்குக் கேஸ் குடுவை எங்கே வாங்குவது?

மழைக்கோட்டு எழுதியது:

இன்வெர்னஸிலேயே வாங்கிவிடுங்கள், அதற்கு வடக்கே கடைகள் குறைவு. சாப்பாடும் அங்கேயே, ஒரு நாளுக்குக் கூடுதலாக. லெர்க்கிலிருந்து பஸ் எல்லா நாளும் கிடையாது, பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும், ஞாயிற்றுக்கிழமையை நம்பவே வேண்டாம். ரயில் சீட்டு எடுப்பதற்கு முன்னால் பஸ் நேரத்தை உறுதி செய்யுங்கள். கின்லாக்பெர்வியில் இறங்கினால் பிளேர்மோருக்குச் சாலையில் இன்னும் ஆறு கிலோமீட்டர் போல நடக்கவேண்டும், முதல் நாள் கணக்கில் அதையும் சேருங்கள். தண்ணீரை ஓடையில் எடுத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், ஆடு மேயும் இடத்துக்கு மேல்பக்கமாகப் பார்த்து எடுங்கள். பீட் மண்ணால் தேயிலை நிறத்தில் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. கரையில் நெருப்பு மூட்டாதீர்கள், பீட் பிடித்தால் அடியிலேயே நாள்கணக்கில் புகையும். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி கிளாஸ்கோவில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.